குழந்தை பேசாததற்குத் தமிழ் காரணமல்ல

இரண்டரை வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே என்று கலங்கும் தாய்க்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்த அறிவுரைதான்: "வீட்ல ரெண்டு மூணு மொழி பேசுறீங்க, அதான் குழந்தை குழம்புது. ஒரே மொழி பேசுங்க. ஸ்கூல்ல எப்படியும் இங்கிலீஷ்தானே, வீட்லயும் அதையே பேசிடுங்க." நர்சரிப் பள்ளி மிஸ் சொல்கிறார். காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் சொல்கிறார். மாடிவீட்டு அக்கா சொல்கிறார். என் தொழிலில் இருப்பவர்களிலும் சிலர் இன்னும் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் வெள்ளானூர், கொள்ளுமேடு, மோரை, பம்மதுகுளம் பக்கமிருந்து வரும் குடும்பங்களே அதிகம். இந்த அறிவுரையைக் கேட்டு, நம்பி, மாதக்கணக்கில் கடைப்பிடித்துவிட்டு வருகிறவர்களை ஓயாமல் பார்க்கிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது தவறான அறிவுரை. ஓரளவுக்குச் சரி, சில பிள்ளைகளுக்குச் சரி என்று விட்டுக்கொடுக்க இதில் ஒன்றுமில்லை. பேச்சு தாமதமான பிள்ளையின் வீட்டில் வீட்டுமொழியை நிறுத்தினால், அந்தப் பிள்ளையிடம் தாராளமாகப் பேசக்கூடியவர்கள் எல்லாரும் வாய்மூடிப் போவார்கள். அதைத்தான் இந்த அறிவுரை சாதிக்கிறது.

எப்படி என்று பாருங்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. அம்மா பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கம்பெனி வேனில் போய் வருகிறவர். பகல் முழுக்கப் பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். ஆயாவுக்குத் தமிழ் தெரியும். திருவள்ளூர் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் தெலுங்கும் தெரியும். "இனி இங்கிலீஷ் மட்டும்" என்று முடிவான மறுநாளிலிருந்து ஆயா பேசப் பயப்படுகிறார். பேரனின் வாயைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று அந்த அம்மாள் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். சமைக்கும்போது, தலைவாரும்போது, வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும்போது பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருந்த அத்தனை பேச்சும் ஒரே நாளில் நின்றுபோகிறது.

அந்த இடத்தை நிரப்ப வருவது என்ன? அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் பேசுகிறார். கம். சிட். ஈட். டோன்ட் டச். வாட் இஸ் திஸ்? சே ஆப்பிள். ஒன்று கட்டளை, இல்லையென்றால் கேள்வி. இதுவே தமிழாக இருந்தால் பிள்ளை தண்ணீரைக் காட்டியதும் அம்மாவுக்கு வாயில் தானாக வரும்: "தண்ணி வேணுமா? இரு, ஊத்துறேன். ஐயோ, ஜில்லுனு இருக்கே! மெதுவா குடி, புரையேறும்." ஒரு தம்ளர் தண்ணீருக்குள் கேள்வி இருக்கிறது, வாக்குறுதி இருக்கிறது, வியப்பும் எச்சரிக்கையும் காரணமும் இருக்கின்றன. பிள்ளைக்கு மொழி வருவது இப்படித்தான். தான் எதைக் கவனிக்கிறதோ அதைப் பற்றியே, அந்த நொடியிலேயே, பாசமுள்ள குரலில் வாக்கியங்கள் வந்து விழ வேண்டும். தாய் தான் திணறும் மொழியில் பேசும்போது இது நடக்காது. வாக்கியம் சுருங்குகிறது, குரல் தட்டையாகிறது, உரையாடல் பரீட்சையாகிறது.

ஆங்கிலம் சரளமாக வராத வீடுகளில் அடுத்து நடப்பது இன்னும் மோசம். நம்மால் முடியாததை போன் செய்துவிடும் என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கில ரைம்ஸ் நாள் முழுக்க ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரமே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. திரையோடு உரையாட முடியாது. பிள்ளை காட்டுவதை அது பார்க்காது, பிள்ளைக்காக ஒரு நிமிடம் காத்திருக்காது. ஏ முதல் இசட் வரை, பத்து நிறங்கள், இருபது வரை எண்கள் என எல்லாம் ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். "தண்ணி குடு" என்று கேட்க அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் முன் நிறுத்துகிறார்கள்.

'குழப்பம்' என்ற வாதத்துக்கு வருவோம். இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1923இல் வேல்ஸ் நாட்டில் டி. ஜே. சேர் என்பவர், கிராமப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியிருப்பதாக எழுதினார். குடும்ப வசதி, பள்ளியின் தரம் போன்றவற்றை அக்காலத்து ஆய்வுகள் சரிவர ஒப்பிடவில்லை. 1962இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீலும் வாலஸ் லம்பர்ட்டும் ஒரே சமூகப் பின்னணி கொண்ட பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். அந்த வாதம் ஆய்வுலகில் அன்றே ஆட்டம் கண்டுவிட்டது. நம் நர்சரிப் பள்ளி வாசலில் இன்னும் நடமாடுகிறது.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு அது சரி. பேச்சே வராத பிள்ளைக்கு ஒரு மொழியே பாரம், இரண்டாவதை ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி, விடையும் இருக்கிறது. மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள ஏழு வயதையொட்டிய இருமொழிப் பிள்ளைகளை, அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளோடு 2003இல் யொஹான் பாரடிஸும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். ஆராய்ந்த இலக்கணக் கூறுகளில் இருமொழிப் பிள்ளைகளின் சிரமம் கூடுதலாக இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் 2005இலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ஹாம்ப்லி, ஃபோம்போன் இருவரும் 2012இலும் கண்டதும் இதையே. இரண்டு மொழி கேட்டு வளர்ந்ததால் கூடுதல் தாமதம் ஏற்படவில்லை. குறைபாடு இருந்தால் அது எந்த மொழியிலும் வெளிப்படும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் மறைந்துவிடாது.

கனடா ஆய்வு வெள்ளானூருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் ஆவடியைப் பார்த்தாலே போதும். 1960களில் டாங்கித் தொழிற்சாலை வந்ததிலிருந்து இந்த ஊருக்கு எல்லா மாநிலத்து ஆட்களும் வந்து குடியேறினார்கள். படையுடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், துணை ராணுவ முகாம் என்று குடியிருப்புகள் பெருகின. வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசி, தெருவில் தமிழில் விளையாடி, கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். இரண்டாவது மொழி பேச்சைத் தடுக்கும் என்றால் ஆவடியில் இரண்டு தலைமுறை பேசாமலே வளர்ந்திருக்க வேண்டும்.

பிள்ளை "மம்மி, வாட்டர் வேணும்" என்று கலந்து பேசுவதையும் குழப்பத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்" என்று அப்பா சொல்வதை யாரும் நோயாகக் கருதுவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லை எடுத்துத் தமிழ் வினையோடு சரியான இடத்தில் சேர்க்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியின் ஒழுங்கும் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைக் கேட்டால் நான் மகிழ்கிறேன்.

பேச்சுப் பயிற்சியாளராக எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றை இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. பேசத் திணறும் பிள்ளைக்குத் தமிழ் எத்தனை வசதியான மொழி என்று பாருங்கள். வா, போ, தா. ஒரே அசை, மெய்யில் தொடங்கி உயிரில் முடிகிறது. மழலையின் வாய்க்கு இதைவிட எளிய அமைப்பு இல்லை. இந்த மூன்று சொல்லிலேயே பிள்ளை ஒருவரை அழைக்கலாம், அனுப்பலாம், ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஆங்கிலத்தில் அழைக்கவும் கேட்டு வாங்கவும் கம், கிவ் என்று சொல்ல வேண்டும். சொல்லின் முடிவில் மெய்யை நிறுத்த வேண்டும். பேச்சு தாமதமான பிள்ளைகள் பலர் முதலில் விழுங்குவது அந்தக் கடைசி மெய்யைத்தான். அப்புறம் அம்மா, அப்பா, தாத்தா, மாமா, அக்கா, பாப்பா, காக்கா. பிள்ளையைச் சுற்றியிருக்கும் ஆட்களின் பெயர்களும் முற்றத்துப் பறவையின் பெயரும் இரட்டித்த மெய்யோ இரட்டித்த அசையோ கொண்டு அமைந்திருக்கின்றன. இப்படி அசை இரட்டித்து வரும் மழலைச் சொற்களை ஒன்பது மாதத்தில் நிறையக் கேட்ட குழந்தைகளுக்குச் சொல்வளம் வேகமாகப் பெருகியதை மிட்சுஹிகோ ஓட்டாவின் குழுவினர் 2018இல் ஆங்கிலம் பேசும் வீடுகளிலேயே கண்டார்கள். நம் வீடுகளில் ஜோஜோ, மம்மம், டாட்டா என்று அவை கொட்டிக் கிடக்கின்றன. அதையெல்லாம் "பேபி லாங்குவேஜ், பேசாதீங்க" என்று தடுக்கிறார்கள்.

சொல்லோடு நிற்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் மிகச் சிறு வயதிலேயே, பிழை குறைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியோனார்டும் 1989இல் எழுதினார்கள். ஒட்டிக்கொண்டே போகும் தமிழின் விகுதிகள் தெளிவாகக் காதில் விழுவதும், ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்வதும் பிள்ளைக்கு உதவுகின்றன. "வீட்டுல", "அம்மாகிட்ட", "எனக்கு" என்று இரண்டு வயதையொட்டிய பிள்ளை சொல்வது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அது பெரிய இலக்கணச் சாதனை. தமிழை நிறுத்து என்பவர்கள் நிறுத்தச் சொல்வது இதைத்தான்.

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊர்வதுபோல் கையில் ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எல்லா ஆயாக்களும் அறிவார்கள். நான் கற்ற தொழிலின் பாதி அதற்குள் இருக்கிறது. பிள்ளையும் பெரியவரும் ஒரே பொருளைக் கவனிக்கிறார்கள். ஒரே சொற்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. கிச்சுகிச்சுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினால், அடுத்து வருவதை எதிர்பார்த்துப் பிள்ளை கண்ணைப் பார்க்கிறது, ஒலி எழுப்புகிறது, ஒருநாள் சொல்லே வந்துவிடுகிறது. பயிற்சி அறையில் இதை உருவாக்க நாங்கள் பாடுபடுகிறோம். ஆயா மடியில் போட்டுக்கொண்டு செய்வார். அவரை "இங்கிலீஷ் தெரியாதவர்" என்று ஒதுக்கிவைக்கும் சிகிச்சை என்ன சிகிச்சை?

இந்த அறிவுரை செய்யும் இன்னொரு கேடு இதைவிடக் கொடியது. அது உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் தடுக்கிறது. பேச்சு வராவிட்டால் முதலில் சோதிக்க வேண்டியது காது. "கூப்பிட்டா திரும்புறானே, குக்கர் விசிலுக்குப் பயப்படுறானே" என்று பெற்றோர் சொல்வார்கள். விசிலைக் கேட்கும் பிள்ளைக்கு ச, த போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்து, சில வாரம் நன்றாகவும் சில வாரம் மந்தமாகவும் கேட்கலாம். ஓஏஇ, பெரா போன்ற சோதனைகளைச் செய்யாமல் எவராலும் காது சரி என்று சொல்ல முடியாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்யப்படுகிறது. "ரெண்டு மொழி குழப்பம்" என்று சொல்லி ஓராண்டைக் கழித்தால், காது கேளாத பிள்ளைக்கு அந்த ஓராண்டு திரும்ப வராது.

காது சரியென்றால் ஆட்டிசமா, மொழி வளர்ச்சிக் குறைபாடா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே சேர்ந்துகொள்வார்கள் என்பது மெய்தான். எந்தப் பிள்ளை சேர்ந்துகொள்ளும், எது சேராது என்பதை வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளானூர் போன்ற இடங்களில் இந்த அறிவுரையால் ஒரு தனி ஆபத்தும் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் கண்டால் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். கடன் வாங்கித் தனியார் நர்சரியில் சேர்த்த பிள்ளை இந்த வலைக்குள் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மிஸ்ஸின் அபிப்பிராயமே சோதனை, அவர் சொல்வதே முடிவு. அந்த மிஸ்ஸை நான் குறைசொல்லவில்லை. குறைந்த சம்பளத்தில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். மொழி வளர்ச்சி பற்றி அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவைக்கும் நிலைமையைத்தான் மாற்ற வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியில் யாருக்குச் சூப்பர்வைசர் பதவி கிடைத்தது, யாரை நேர்காணலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த பெற்றோர் இவர்கள். தாங்கள் பட்ட அவமானம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார்கள். அந்த ஆசை முழுக்க நியாயமானது. அந்த ஆசைக்காகவும்தான் சொல்கிறேன். "அப்புறம்", "ஏன்னா", "இல்லேன்னா" என்று ஒரு நிகழ்ச்சியைக் கோத்துச் சொல்லத் தமிழில் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் அதற்கான சொற்களை மட்டும் கற்றால் போதும். எந்த மொழியிலும் கோத்துச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எல்கேஜி ஆங்கிலம் வெறும் ஒப்பித்தலாகவே நின்றுவிடும். முதல் மொழியில் கட்டிய திறன் இரண்டாவதற்குக் கைகொடுக்கும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே வாதிட்டார். பயிற்சி அறையில் நானும் அதையே காண்கிறேன்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் திரையில் கேட்ட ஆங்கிலத்தை மட்டுமே பேசுவதுண்டு. "அவனுக்கு இங்கிலீஷ்தான் பிடிக்குது மேடம், தமிழ்ல சொன்னா கண்டுக்கவே மாட்டேங்கிறான்" என்பார்கள். அந்த ஆங்கிலத்தைப் பிடுங்கக் கூடாது. பிள்ளை எந்த மொழியில் ஒரு சொல் சொன்னாலும் அதை ஏற்று, உடனே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வீட்டார் தமக்கு இயல்பான மொழியில் சொல்லலாம். "பலூன்!" என்றால், "ஆமா, பலூன்! மேல போகுது பாரு!" அவ்வளவுதான். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களை ஆராய்ந்த டமார் கிரெமர்-சாட்லிக் 2005இல் எழுதியது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். வீட்டில் மற்றவர்கள் தங்களுக்குள் சொந்த மொழியில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை குடும்பப் பேச்சுக்கு வெளியே நின்றது. பிறரோடு சேர்வதே சிரமமான பிள்ளையை அதன் வீட்டாரிடமிருந்தே பிரிக்கிற அறிவுரை இது.

என் தொழில் சகாக்களுக்கும் ஒரு வார்த்தை. நான்காண்டுப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். அறையில் தொங்கும் படங்கள், தேர்வு அட்டைகள், பெற்றோருக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடத் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில். நமக்கு வசதியான மொழியைப் பிள்ளைக்கு ஏற்ற மொழி என்று சொல்லக்கூடாது. பயிற்சி வாரத்துக்கு ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. வீட்டில் யார், எந்த மொழியில், எப்போது பிள்ளையோடு பேசுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு திட்டமும் எழுதக்கூடாது. ஆயாவைப் பயிற்சி அறைக்குள் அழைத்து உட்காரவையுங்கள். தெலுங்கு பேசும் வீடு என்றால் தெலுங்கு, இந்தி பேசும் வீடு என்றால் இந்தி. தமிழுக்கு நான் கேட்கும் உரிமை அந்த மொழிகளுக்கும் உரியது.

பெற்றோரே, ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ மாவட்ட மையத்துக்கோ போய் முதலில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், "பிள்ளையோட காதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களிலும் ஆயாவைப் பேசச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் மொழியிலேயே பேசுங்கள்.